கொடைக்கானலில் நடக்க இடமில்லை

மே மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. கொடைக்கானலுக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால், வெள்ளி நீர்வீழ்ச்சி. அருவியைப் பார்க்க வந்த கார்கள் வளைவுக்கு மேலேயும் கீழேயும் ரோட்டோரம் முழுக்க நிற்கின்றன. ஒருவர் காரின் கதவை ரோட்டுப் பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக மக்காச்சோளம் கடிக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு வேன். அதற்குப் பின்னால், ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய் எஞ்சினை அணைத்துவிட்ட ஒரு அரசு பஸ். வத்தலக்குண்டிலிருந்து வருவது.

அந்த பஸ்ஸில் இருப்பவர்களில் பாதிப்பேர் அருவி பார்க்க வந்தவர்கள் இல்லை. பெருமாள்மலையில் ஏறியவர்கள். லாட்ஜ்களில் அறை கூட்டப் போகிற பெண்கள், காய்கறிக் கூடையோடு ஒருவர், ஆஸ்பத்திரிச் சீட்டை மஞ்சள் பைக்குள் சுருட்டி வைத்திருக்கிற ஒரு பாட்டி. எட்டு கிலோமீட்டர்தான் பாக்கி. ஆனால் சீசனில் அந்த எட்டு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டக்டரைக் கேட்டால் அவர் சிரிப்பார்.

கொடைக்கானல் நெரிசல் என்றால் மறுநாள் பேப்பரில் வருவது "சுற்றுலாப் பயணிகள் அவதி" என்ற தலைப்பு. அவதிப்பட்டது உண்மைதான். ஆனால் சுற்றுலாப் பயணிக்கு அது வருஷத்தில் ஒரு நாள். பஸ்ஸில் இருந்த பாட்டிக்கு? அவருடைய அவதிக்குத் தலைப்பு கிடையாது. கொடைக்கானலின் போக்குவரத்துத் திட்டங்கள் எல்லாமே ஏறக்குறைய இந்தத் தலைப்பு மாதிரிதான் போடப்படுகின்றன. வெளியிலிருந்து வருகிற வண்டியை மனதில் வைத்துத்தான் எல்லாம். 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சிக்குள் மட்டும் 36,501 பேர் வாழ்கிறார்கள். இது ஒரு வியூ பாயிண்ட் அல்ல, ஊர்.

இ-பாஸ் கதையையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. முதலில் அது வெறும் எண்ணிக்கை எடுப்பதற்காக. கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. 2025 கோடைக்கு நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. உள்ளூர்க்காரர்களுக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை ஐ.ஐ.டி. சென்னைக்கும் ஐ.ஐ.எம். பெங்களூருக்கும் போனது. உதகைப் பக்கத்து வியாபாரிகள் 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைப்பே நடத்தினார்கள்.

நீதிமன்றம் செய்தது நல்ல காரியம். அதில் சந்தேகம் இல்லை. வேறு யாரும் செய்யாததால் நீதிமன்றம் செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் கவலை. அதோடு, அந்த உச்சவரம்பு எண்ணுவது வண்டியை. ஆளை அல்ல. இங்கேதான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். (பி.காம். படிக்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் கால்குலேட்டர் கூட வேண்டாம்.)

4,000 கார். ஒரு கார் சராசரியாக நாலரை மீட்டர், இடைவெளி சேர்த்து ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வரிசையாக நிறுத்தினால் 20 கிலோமீட்டர். அதாவது வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஊருக்குள் வருகிற தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வார இறுதியின் 6,000 என்றால் 30 கிலோமீட்டர். இது "கட்டுப்படுத்தப்பட்ட" எண்ணிக்கை! ஒரு காருக்கு நான்கு பேர் என்றால் 4,000 காரில் வருவது 16,000 பேர். அதே 16,000 பேரை ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் ஏற்றினால் 320 பஸ். ஒரு பஸ் 12 மீட்டர் என்றால் மொத்தமும் நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ரோடு இருக்கிறது. 320 பஸ்ஸையும் ஏரியைச் சுற்றி நிறுத்தினாலும் நடுவில் இடம் மிச்சம் இருக்கும். (நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு அளவுக்குச் சொல்வது.)

ஆக, ஊருக்கு ஆட்கள் அதிகம் வருகிறார்களா என்பது ஒரு கேள்வி. இரும்பு அதிகம் வருகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் லாட்ஜ் முதலாளியும் சுற்றுச்சூழல்காரரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆட்கள் குறையாமல் வண்டி குறைய வழி இருந்தால் இரண்டு பேருக்கும் சண்டை போட விஷயமே இல்லை.

அப்படி ஒரு வழியை ஏன் யாரும் தேடவில்லை? ஊர் நிர்வாகத்துக்கு அதில் வரும்படி இல்லை, அதனால்தான். ஊருக்குள் நுழைகிற வண்டிக்கு இவ்வளவு என்று நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. பார்க்கிங் கட்டணம் தனி. வண்டி கூடினால் வருமானம் கூடும், குறைந்தால் குறையும். ஒரு கடைக்காரரிடம் போய் "உங்கள் கடைக்கு வருகிற கூட்டத்தைக் குறைக்கத் திட்டம் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால் என்ன சொல்வார்? இதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. வருமானம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் திட்டமும் சாயும். ரோடு தேய்மானம், புகை, குப்பை, பாட்டி பஸ்ஸில் உட்கார்ந்து இழந்த இரண்டு மணி நேரம்... இவையெல்லாம் எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படுவதில்லை. வரவு மட்டும் தெரிகிற கணக்குப் புத்தகத்தில் எல்லா வியாபாரமும் லாபம்தான்.

இந்த ஊர் கார்களுக்காக உண்டான ஊரே இல்லை என்பது இதில் ஒரு வேடிக்கை.

1845-ல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள், சமவெளியில் காய்ச்சலில் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்துவிட்டு, மேலே வந்து இரண்டு பங்களா கட்டினார்கள். அப்போது மேலே வர ரோடு கிடையாது. பிற்பாடு ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள் (இன்றைக்குக் கொடை ரோடு ஸ்டேஷன்). அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் நடை. வசதியுள்ள துரைகளுக்கும் துரைசானிகளுக்கும் குதிரை, இல்லாவிட்டால் டோலி. அதாவது அவர்கள் உட்கார, நம்மூர் ஆட்கள் தூக்கினார்கள். மூட்டை முடிச்சு, பியானோ வரை தலைச்சுமை, தோள்சுமை. மேஜர் லா என்பவர் பேரில் இருக்கிற வத்தலக்குண்டு மலைச்சாலை 1870களில் ஆரம்பித்து, பாதியில் நின்று, 1914-ல்தான் முடிந்தது. போக்குவரத்துக்குத் திறந்தது 1916-ல். ஏறக்குறைய எழுபது வருஷம் கொடைக்கானல் நடந்து போகிற ஊராகவே இருந்திருக்கிறது.

அந்த எழுபது வருஷத்தில்தான் ஊருக்கு முகம் வந்தது. 1863-ல் ஏரி. 1872-ல் கோக்கர்ஸ் வாக். மலை விளிம்பிலேயே ஒரு கிலோமீட்டருக்கு, நடப்பதற்காக மட்டுமே போட்ட பாதை. 1899-ல் சூரிய ஆய்வுக்கூடம். ஊருக்குள் இருக்கிற தெருக்களின் அகலம், வளைவு, ஏற்றம் எல்லாம் காலையும் குதிரையையும் கணக்கில் வைத்து வந்தவை. அந்தத் தெருக்களில்தான் இன்றைக்கு எஸ்.யூ.வி.க்கள் எதிரும் புதிருமாக நின்றுகொண்டு "நீ பின்னால் எடு", "நீ எடு" என்று கை காட்டுகின்றன.

கோக்கர்ஸ் வாக்குக்கு இன்று டிக்கெட். நல்ல பராமரிப்பு, சரி, டிக்கெட் இருக்கட்டும். ஆனால் இந்த ஊரில் கார் பயம் இல்லாமல், கைப்பிடித்துக் குழந்தையை நடத்திப் போக ஒரு பாதை வேண்டுமென்றால் காசு கொடுத்து உள்ளே போக வேண்டும் என்கிற நிலை கொஞ்சம் உறுத்தவில்லையா? ஏழு ரோடு சந்திப்பிலிருந்து மூஞ்சிக்கல் வரைக்கும் சீசன் நாளில் ஒரு தரம் நடந்து பார்த்தால் தெரியும். ஓரத்தில் நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் சாக்கடை மூடி, அதன் மேல் சாக்லேட் கடை போர்டு, அதற்கு முன்னால் இரண்டு பைக். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் நடுரோட்டில் நடக்கிறார்கள். நடக்காமல் வேறென்ன செய்வார்கள்?

ஏரியைச் சுற்றியுள்ள ரோடும் அப்படித்தான். நடப்பவர்கள், வாடகை சைக்கிள், குதிரை, கார், வேன், எல்லாம் ஒரே தாரில். காலை ஆறிலிருந்து ஒன்பது வரையாவது அந்த ஐந்து கிலோமீட்டரில் வெளி வண்டிகளை விடாமல் இருந்தால் என்ன? செலவு, இரண்டு பக்கமும் இரண்டு தடுப்பு, நான்கு போலீஸ்காரர். ஏரிக்கரையில் வீடும் ஓட்டலும் வைத்திருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்துவிடலாம். இது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. மார்கழி மாதம் கோயில் மாடவீதியில் செய்வதுதான்.

இன்னொன்றும் மறந்துபோகிறது. "அழகான சாலை" என்று எல்லாரும் படம் எடுக்கிற ரோடுகள், வேறு சிலருக்குச் சந்தைக்குப் போகிற ரோடு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று மேல்மலை கிராமங்களுக்குப் போகிற பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்படியாக வயல், பள்ளத்தாக்கில் தீப்பெட்டி மாதிரி வீடுகள். எல்லா போனிலும் இருக்கிற படம். அந்த வயலில் விளைகிற மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டு மலையை விட்டு இறங்கி பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போக வேண்டும். கேரட்டும் உருளைக்கிழங்கும் அதே மாதிரி இறங்க வேண்டும். வழி ஒன்றுதான். கொடைக்கானல் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் லோடு ஏற்றிய வண்டி ஊருக்குள் மாட்டினால், நஷ்டம் யாருக்கு? குறியீடு கொடுத்தவர்களுக்கா? 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வந்தபின் குணா குகைக்குக் கூட்டம் குவிந்ததைப் பற்றி எத்தனையோ செய்தி வந்தது. ஒரு சினிமாவுக்கு ஒரு ஊரின் போக்குவரத்தே தடுமாறும் என்றால், அந்த ஊரில் திட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று எப்படிச் சொல்வது!

நெரிசல் என்றால் உடனே கேட்கிற தீர்வு "இன்னொரு ரோடு போடு". போட்டுத்தான் இருக்கிறார்கள். பழனியிலிருந்து ஒரு ரோடு. தாண்டிக்குடி பக்கமாக ஒன்று. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஒன்று. இந்தக் கடைசி ரோடு மழைக்கு மழை சரிந்து, மூடித் திறந்து, மறுபடி மூடி... மலை தன் கருத்தைத் தெளிவாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரம் விழுந்தும் மண் சரிந்தும் எத்தனை ரோடு அடைபட்டது என்பது ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். தவிர, கீழேயிருந்து எத்தனை ரோடு வந்தாலும் மேலே வந்து சேருகிற இடம் அதே ஏழு ரோடுதானே. நான்கு குழாய் வைத்து ஒரு குடத்தில் தண்ணீர் பிடித்தால் குடம் பெரிதாகிவிடுமா?

பழைய மூணாறு ரோட்டைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இந்த வகைதான். மோயர் பாயிண்டிலிருந்து பேரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போகிற பாதை. இரண்டாம் உலகப்போர் சமயம் ஜப்பான்காரன் சென்னையில் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் கொச்சிக்குத் தப்பி ஓடுவதற்காகச் சரிசெய்து வைத்த ரோடு. அதனால்தான் எஸ்கேப் ரோடு என்றே பேர். ஜப்பான்காரன் வரவில்லை. 1990 வாக்கில் ரோட்டையும் மூடிவிட்டார்கள். இப்போது தேனி, போடி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். திறந்தால் பாதி தூரம் மிச்சம், இரண்டு சுற்றுலாத் தலமும் வளரும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வழி முழுக்கச் சோலைக்காடும் புல்வெளியும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற இடம். பேரிஜம் தண்ணீர்தான் கீழே பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர். ஒருவருடைய பயண நேரத்தில் இரண்டு மணியை மிச்சம் பிடிக்க இன்னொரு ஊரின் குடத்தில் கை வைப்பது என்ன கணக்கு? அது மூடியே இருக்கட்டும்.

ரோடே வேண்டாம் என்று சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ரோடு வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் இவ்வளவு காலம் வராமல் இருந்தது.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிக் கீழே இறங்கினால் வெள்ளகவி. இன்னும் இறங்கினால் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே போகிற பழைய நடைவழிகளில் ஒன்று இது. வெள்ளகவி, கொடைக்கானல் என்று ஒரு ஊர் உண்டாவதற்கு முன்பே இருந்த கிராமம் என்பார்கள். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் மாதிரி. காபி, எலுமிச்சை, ஆரஞ்சு, அவகாடோ விளைகிறது. விளைந்ததைக் குதிரை முதுகில் ஏற்றி மேலே கொண்டுவர வேண்டும். ரேஷன் அரிசியிலிருந்து சிமெண்ட் வரை அதே குதிரை முதுகில் இறங்க வேண்டும். தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டியும் குதிரையில்தான். அந்தப் படம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பேப்பரில் தவறாமல் வரும். பிரசவ வலி வந்தாலோ, நெஞ்சு வலி வந்தாலோ, பாம்பு கடித்தாலோ, டோலி. இரண்டு கம்பு, ஒரு போர்வை, தூக்க நான்கைந்து பேர்.

துரைசானியைத் தூக்கிக்கொண்டு வந்த டோலி 1916-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. வெள்ளகவி டோலி அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக ஓடியது. சாலை கேட்டு அந்த ஊர்க்காரர்கள் மனு எழுதி எழுதியே ஒரு தலைமுறை போயிருக்கும்.

இதே பாதைக்கு இன்னொரு பேர் உண்டு. டிரெக்கிங் ரூட். நகரத்திலிருந்து வருகிற இளைஞர்கள் முதுகில் பை, காலில் விலையுயர்ந்த ஷூ, கையில் குச்சியோடு இறங்குகிறார்கள். "ரோடே இல்லாத அதிசய கிராமம்" என்று வீடியோ போடுகிறார்கள். போகட்டும், அழகை ரசிப்பது தப்பில்லை. ஆனால் அந்த வீடியோக்களின் கீழே "தயவுசெய்து இங்கே ரோடு போட்டுவிடாதீர்கள், அழகு கெட்டுவிடும்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்த்துத்தான் கோபம் வருகிறது. அவருடைய அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தால் பத்து நிமிஷத்தில் 108 வர வேண்டும். வெள்ளகவி அம்மாவுக்கு வந்தால் அழகு கெடாமல் இருக்க வேண்டும்.

நடைவழிகளை அரசாங்கம் பார்க்கிற பார்வையிலும் இந்த இரட்டைத்தன்மை இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி, இருபது பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை எடுத்து, ஆன்லைன் பதிவு, கட்டணம், வழிகாட்டி என்று முறைப்படுத்தியது. வழிகாட்டிகளாக அந்தந்த மலைவாசி இளைஞர்களுக்கே வேலை கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் மலைப்பாதை என்றாலே அது பொழுதுபோக்கு, வனத்துறை சமாசாரம் என்று முடிந்துவிடுகிறது. அதே பாதையில் தினமும் தோட்ட வேலைக்கும் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் நடக்கிறவர்கள் போக்குவரத்துக் கணக்கில் வருவதே இல்லை. ஒரு பாதையில் கைப்பிடி, ஓடையைத் தாண்ட ஒரு சிறு பாலம், மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை போட எந்தத் துறையிடம் போய்க் கேட்பது? நெடுஞ்சாலைத்துறை "இது ரோடே இல்லையே" என்னும். வனத்துறை "இது காடு" என்னும். இரண்டும் சரிதான்!

வெள்ளகவிக்கு ரோடு என்றால் எப்படிப்பட்ட ரோடு என்பதையும் பேசிவிட வேண்டும். பக்கத்திலேயே வட்டக்கானல் பாடம் இருக்கிறது. சின்னக் குடியிருப்பாக இருந்த இடம். இஸ்ரேலிலிருந்து இளைஞர்கள் வந்து தங்க ஆரம்பித்து, குட்டி இஸ்ரேல் என்று பேராகி, அப்புறம் எல்லாரும் வர ஆரம்பித்து, இன்று காட்டேஜுக்கு மேல் காட்டேஜ். கொடைக்கானலுக்கு 1993-ல் மாஸ்டர் பிளான் ஒன்று போட்டார்கள். அதை மீறிக் கட்டின ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் மேல் நடவடிக்கை எடுக்க நீதிமன்றம்தான் வர வேண்டியிருந்தது. வெள்ளகவிக்குச் சாதாரணமாக ஒரு தார் ரோடு போட்டு, கேட்டைத் திறந்துவிட்டால் முதலில் இறங்குவது ஆம்புலன்ஸாக இருக்காது. ரியல் எஸ்டேட்காரராகத்தான் இருக்கும். ஐந்து வருஷத்தில் எலுமிச்சைத் தோட்டம் எல்லாம் 'மவுண்டன் வியூ' ஆகிவிடும். செருப்புப் போடாத தெருவில் கார் போகும்.

அதனால் ஒற்றை ஜீப் போகிற அகலம். ஊர்க்காரர்களின் வண்டி, ஆம்புலன்ஸ், ரேஷன் வண்டி, விளைச்சல் ஏற்றுகிற வண்டி இவற்றுக்கு மட்டும் அனுமதி. சாவி ஊர் கையில். வெளியாள் வர வேண்டுமென்றால் நடந்து வரட்டும். அவர்கள் ஆசைப்படுவதும் அதைத்தானே :-) இரவில் காட்டுச் சாலைகளில் வண்டிகளை நிறுத்துகிற வழக்கம் இந்த மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு விலக்கு கொடுத்து வெளி வண்டியை நிறுத்துவதும் இ-பாஸில் வந்துவிட்டது. முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

பெரிய ரோட்டுக்கு வந்தால், காமக்காபட்டியில் மலை ஆரம்பிக்கிறது. அங்கேயோ வத்தலக்குண்டிலேயோ பெரிய வண்டி நிறுத்துமிடம் அமைத்து, அங்கிருந்து கால் மணிக்கு ஒரு பஸ் விட்டால் என்ன? காரைக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்பவர்கள் கொண்டுபோகட்டும், அதற்கு உறைக்கிற மாதிரி ஒரு கட்டணம். அந்தக் கட்டணம் பொது நிதியில் கரைந்துவிடாமல், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் மட்டும் செலவாக வேண்டும். அப்போது நகராட்சிக்கும் வண்டி குறைந்தால் நஷ்டம் என்ற பயம் இருக்காது. மேலே ஊருக்குள் சின்னச் சின்ன வண்டிகள் ஏரி, பூங்கா, குணா குகை, பூம்பாறை என்று சுற்றிச் சுற்றி வரட்டும். அந்த வண்டிகளை ஓட்ட இப்போதைய டாக்சி, வேன் டிரைவர்களுக்கே முதல் உரிமை. அவர்கள் பயம் நியாயமானது. கார் கூட்டம் குறைந்தால் சோறு போகும் என்று நினைக்கிறார்கள். ஆனால் சொந்தக் காரில் வருகிறவர் டாக்சி பிடிப்பதில்லை. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்தான் பிடிப்பார்.

மகளிருக்கான கட்டணமில்லா பஸ் பயணத்தை மலைப் பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024-ல் அறிவித்தார்கள். லாட்ஜுக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது பெரிய உதவி. டிக்கெட் இலவசம்தான். ஆனால் பஸ் வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிற்கிறதே. அரைநாள் சம்பளம் பிடித்தால் அந்த இலவசம் போன இடம் தெரியாது. அருவிக்கு முன்னால் ரோட்டில் வண்டி நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகத் தடுத்து, கொஞ்சம் தள்ளி இடம் ஒதுக்கி, அங்கிருந்து அருவிக்கு நடக்க ஒரு பாதை போட்டாலே பஸ் நகர்ந்துவிடும். கோடிக்கணக்கில் ஒன்றும் ஆகாது. டம் டம் பாறையிலும் இதையே செய்யலாம்.

இதையெல்லாம் உட்கார்ந்து பேச ஒரு மேஜை இல்லை. மலைச்சாலை நெடுஞ்சாலைத்துறையுடையது, ஊர்த்தெரு நகராட்சியுடையது, காட்டுப்பாதை வனத்துறையுடையது, பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது, சந்திப்பில் நிற்கிறவர் போலீஸ். சீசன் வந்தால் கலெக்டர் தலைமையில் ஒரு கூட்டம், ஒருவழிப்பாதை அறிவிப்பு, சீசன் முடிந்தால் அதோடு சரி. மேல்மலை விவசாயி, வெள்ளகவி குதிரைக்காரர், லாட்ஜில் வேலை செய்கிற பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர், இவர்களில் ஒருவராவது அந்த ஆலோசனைக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டால் முதல் கேள்வியே வேறாக இருக்கும். எத்தனை வண்டி விடலாம் என்று கேட்க மாட்டார்கள், எங்கள் பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்றுதான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வட்டக்கானலில், டால்பின் நோஸுக்கு இறங்குகிற இடத்தில், இரண்டு பக்கமும் கார் நிற்கும். கீழேயிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றின குதிரைகள் மூச்சு வாங்க ஏறி வரும். கார் கண்ணாடியில் மூட்டை இடித்துவிடாமல் குதிரைக்காரர் ஒரு கையால் மூட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்று ஒவ்வொரு காராகக் கேட்டுக்கொண்டே போவார். சிலர் போனை எடுத்துக் குதிரையைப் படம் பிடிப்பார்கள்.